கறுப்பு என்றால் தண்ணீர் என்று நினைத்தேன்

முதல் அறிகுறி வியர்வை. தூத்துக்குடியில் ஒருவனுக்கு வியர்க்கிறது என்றால் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. உப்பு அள்ளுகிறவனுக்கும் வியர்க்கும், அதை எடைபோடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கும் வியர்க்கும். அதனால் நான் பொருட்படுத்தவில்லை. மார்கழி வாடைக்காற்றில், படகில் எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபோது என் சட்டை மட்டும் பிழிகிற பதத்தில் இருந்தது. அப்போதும் அதை உழைப்பின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டேன். நான் உழைத்து யாரும் பார்த்ததில்லை என்பதை என் மனைவி வடிவுதான் நினைவூட்டினாள்.

அடுத்து அரிப்பு. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, வெறும் அரிப்பு. அதன்பின் காய்ச்சல். சில நாள் வரும், சில நாள் விடுப்பில் போகும். அரசாங்க ஊழியனுக்கு வரும் காய்ச்சலுக்கும் அந்தச் சலுகை உண்டு போலும். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இடுப்பு மெலிந்தால் எந்த ஆணும் மருத்துவரிடம் போவதில்லை. கண்ணாடி முன்னால்தான் போவான். நானும் அதைத்தான் செய்தேன்.

இந்த அறிகுறிகளை வைத்துக்கொண்டு இப்போது கண்ணாடி முன்னால் நிற்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலில் அங்கிருந்து நகருங்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் என் மடத்தனம் அத்தனையும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். நான் புதுத் துறைமுகத்தில் ஆழம் பார்க்கிறவன். சிறிய படகின் அடியில் பொருத்திய கருவி ஒன்று கடலுக்குள் ஒலியை அனுப்பும். அந்த ஒலி தரையில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, உருளும் காகிதத்தில் ஊசி கறுப்புக் கோடு இழுக்கும். கோடு எவ்வளவு அடர்த்தியோ, தரை அவ்வளவு கெட்டி. இடையில் வெள்ளையாக இருப்பதெல்லாம் தண்ணீர். பல வருடங்களாக நான் படித்த ஒரே நூல் இந்தக் காகிதச் சுருள் என்று வடிவு சொல்லுவாள். உண்மையில் நான் வேறு நூல்களும் படிப்பேன். குறிப்பாக மருத்துவ நூல்கள். அவற்றில் உள்ள நோய்களில் பிரசவம் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஒருமுறையாவது வந்திருக்கிறது. உண்மையான நோய் வந்தபோதுதான் கோட்டை விட்டேன்.

எங்கள் குடும்ப மருத்துவர் ஞானதுரை நாசரேத்துப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்கு நடுவுல நிழல் அகலமா இருக்கு. நிணநீர்க் கணு வீங்கியிருக்கு" என்றார். (நிணநீர்க் கணு என்பது உடம்பில் கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சு. கழுத்தில் உண்டு, கக்கத்தில் உண்டு, நெஞ்சுக்குள்ளும் உண்டு.)

நம் ஊரில் நெஞ்சில் கணு வீங்கினால் முதலில் நினைப்பது காசநோய். அதற்கான ஊசி மாதக்கணக்கில் தொடர்ந்தது. படகில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஆழம் பார்த்தேன். படகை ஓட்டும் மிக்கேல் திரேஸ்புரத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி நிக்கியத பாத்தா கப்பல் கேப்டன் மாரியே இருக்கு. கொடிதான் இல்ல" என்பான்.

காய்ச்சல் போகவில்லை. இரண்டாவது எக்ஸ்ரேயில் நிழல் இன்னும் அகலம். ஞானதுரை நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மருத்துவர் நாற்காலியை நகர்த்தினால் செய்தி நல்லதில்லை என்று நான் படித்திருக்கிறேன்.

"காசநோயா இருந்தா இந்நேரம் வத்தியிருக்கணும். வேற ஏதும் இருக்கலாம். புத்துநோயான்னும் பாத்திரணும்" என்றார். "நெஞ்சைத் திறந்து ஒரு துண்டு எடுத்துப் பாக்கது ஒரு வழி. பெரிய ஆபரேஷன். அதுக்கு முந்தி, மெட்ராஸ்ல ஒரு எடத்துல புது மிஷின் வந்திருக்கு. காதுக்குக் கேக்காத ஒலியை உடம்புக்குள்ள அனுப்பி, திரும்பி வாரத வச்சுப் படம் எடுக்காங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "சார், அது எங்க மிஷின்! எக்கோ சவுண்டர்!"

புற்றுநோய் என்ற சொல்லுக்கு அடுத்த நிமிடம் முகம் மலர்ந்த நோயாளியை அவர் அதுவரை பார்த்ததில்லை. பாவம், என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

மிக்கேலுக்கும் தாங்கவில்லை. "ஒங்களையே சர்வே பண்ணப் போறாவளா? அப்ப தூர் வாரதுக்கு எங்க டிரெட்ஜரக் கொண்டாரச் சொல்லுங்க அண்ணாச்சி." சொல்லிவிட்டு, சிரிப்பை நடுவில் நிறுத்தி, என்னைப் பாராமல் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

மெட்ராஸில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் சுலோசனா. இங்கிலாந்தில் இந்தக் கருவியைப் படித்துவிட்டு வந்தவர். மடக்கு மடக்காக நீளும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் தடித்த பென்சில் போன்ற ஒன்று, பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. கண்காட்சிக்குப் போன பையன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"எக்ஸ்ரேல நிழலோட அகலம்தான் தெரியும். நிழலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. நெஞ்செலும்புக்குப் பக்கத்துல, விலா இடுக்கு வழியா நான் பார்க்கறேன்" என்றார். மார்பில் எண்ணெயை ஊற்றித் தடவினார். தோலுக்கும் கருவிக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாதாம்.

கதவருகே நின்ற வடிவுக்கு இது பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆம்பளைக்கு எண்ணெய் தேய்க்காவளே! நாளைக்குச் சனிக்கிழமைதான, நாளைக்கு வச்சுக்கிடப்படாதா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கும் தேய்ப்பேம்மா. கவலைப்படாதீங்க."

"மூச்சைப் பிடிங்க" என்றார் என்னிடம். பிடித்தேன். பென்சில் விலா இடுக்கில் மெதுவாக நகர, திரையில் கீற்றுக் கீற்றாகப் படம் எழும்பியது. பாதியில் இருமினேன். படம் கலைந்தது. மறுபடி பிடித்தேன். மறுபடி கலைந்தது. கடைசியில் ஒருவழியாக நின்ற படத்தில், சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக மூன்று உருண்டைகள், ஒன்றையொன்று ஒட்டி.

என் காகிதத்தில் கறுப்பு என்றால் கெட்டித் தரை. "பாறையா, டாக்டர்?" என்றேன்.

"இல்லை. உங்க காகிதத்துல எதிரொலி கறுப்பு. என் திரையில எதிரொலி வெள்ளை. இங்க கறுப்புன்னா, அந்த இடத்துலேருந்து ஒண்ணும் திரும்பி வரலைன்னு அர்த்தம். நாளைக்கு வாங்க, இன்னொரு தடவை பார்க்கணும்." அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார்கள்.

ஒன்றும் திரும்பி வரவில்லை! எதிரொலி இல்லாத இடத்தில் என்ன இருக்கும்? பல வருடப் படகு அனுபவம் பதில் சொன்னது: தண்ணீர். மூன்று நீர்க்குமிழிகளைச் சுமந்துகொண்டா இத்தனை ஊசி போட்டுக்கொண்டேன்? வடிவு எண்ணெய் துடைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த தபால் ஆபீசுக்குள் நுழைந்து எங்கள் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். வெறும் தண்ணீர், கவலை இல்லை என்று. மருத்துவர் சொல்லாத முடிவை நானே சொல்லிக்கொண்டு, அதை அரசாங்கத்தின் கம்பி வழியாக ஊருக்கும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. எண்ணெய், மூச்சு, இருமல் எல்லாம் முறைப்படி நடந்தன. மூன்று கறுப்பும் வந்தன. டாக்டர் ஒரு குமிழைத் திருகினார். அந்தக் குமிழ் எங்கள் கருவியிலும் உண்டு. திரும்பி வரும் ஒலியைப் பெரிதாக்கிக் காட்டுவது. அவர் திருகத் திருக, கறுப்புக்குள் மணல் தூவியதுபோல நுண்ணிய புள்ளிகள் எழுந்தன.

"தண்ணீரா இருந்தா எவ்வளவு கூட்டினாலும் கறுப்பாவே இருக்கும். இது நிரம்புது பாருங்க. இது சதை. வீங்கின கணுக்கள்தான்."

எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். குமிழைக் குறைத்து வைத்தால் கடலடியில் இருக்கும் இளஞ்சேறு காகிதத்தில் விழாது, தண்ணீர் மாதிரியே வெள்ளையாகக் கிடக்கும். கூட்டினால்தான் சேறு முகம் காட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. என் நெஞ்சு என்று வந்ததும் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டவன் நான்தான்.

"தந்தி கொடுத்துட்டேன் டாக்டர்" என்றேன்.

"எந்தத் தந்தி?"

வடிவுக்கும் அப்போதுதான் தெரியும். "தண்ணின்னா குடுத்திய? ஒரு வார்த்த கேட்டியளா? இப்ப என்னன்னு குடுப்பிய, சேறுன்னா?"

டாக்டர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். அந்த அறையில் நாங்கள் மூவரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஆனால் அந்தப் படத்தால் பெரிய நன்மை ஒன்று உண்டாயிற்று. கணுக்கள் எந்த இடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டதால் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மார்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, அந்தப் புள்ளி வழியே தடித்த ஊசியைச் செலுத்தி ஒரு துணுக்கை எடுத்தார்கள். ஆழம் தெரியாமல் நங்கூரம் போடக் கூடாது என்பது நான் ஒப்புக்கொள்கிற விஷயம். ஆகவே அசையாமல் கிடந்தேன்.

முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களைப் பற்றி எனக்கு நகைச்சுவையாக எழுத வரவில்லை. வடிவும் நானும் அவள் தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். சாப்பிட்டோம். பேப்பர் படித்தோம். அவள் என் மார்பில் இருந்த பேனாப் புள்ளியைக் கழுவவிடவில்லை.

"ஹாட்ச்கின் நோய்" என்றார் சுலோசனா. (நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் ஒருவகைப் புற்றுநோய்.) நான் பேசுவதற்குள் கையை உயர்த்தினார். "புற்றுநோய்தான். ஆனா, மருந்துக்குக் கட்டுப்படற வகை. பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். வேளை பார்த்து வந்திருக்கீங்க."

என் வாழ்க்கையில் எதற்கும் வேளை பார்த்துப் போனதில்லை. பள்ளிக்கூடம், கல்யாணம், ரயில் எல்லாவற்றுக்கும் தாமதம். புற்றுநோய்க்கு மட்டும் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று நான் பயந்ததைவிடப் பரபரத்ததுதான் அதிகம். எதிரிக்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் இடம் இருந்தது, அவனுடைய படம்கூட இருந்தது!

ஊருக்கு வந்தபோதுதான் தந்தியின் விளைவு தெரிந்தது. தந்தி கிடைத்ததும் அலுவலகத்தில் லட்டு கொடுத்திருக்கிறார்கள். மிக்கேல் படகின் ஊதலை இழுத்துப் பிடித்து ஊத, துறைமுக அதிகாரி ஓடி வந்து பார்த்துத் திட்டியிருக்கிறார். போதாததற்கு மாதா கோவிலில் மெழுகுவர்த்தி வேறு ஏற்றியிருக்கிறான். நான் உண்மையைச் சொன்னதும் படகின் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"ஏத்துனது ஏத்துனதுதான அண்ணாச்சி. மாதாகிட்ட போயி மெழுகுவத்தியத் திருப்பித் தான்னு கேக்க முடியுமா? அத நேரங்காலத்தோட ஏத்தினதுன்னு மாதா வச்சுக்கிடுவாவ."

மாதம் ஒருமுறை மெட்ராஸ். நரம்பில் ஊசி, பிறகு இரண்டு வாரம் மாத்திரை, பிறகு ஓய்வு. இதை அனுபவிக்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வாந்தி வரும். வாந்திக்கு முந்தி வாந்தி வரப்போகிறதே என்ற நினைப்பு வரும். இரண்டாவதுதான் மோசம். மாத்திரைகளில் ஒன்று அகோரப் பசியைக் கொடுக்கும். வடிவு வைத்த சொதியை, வீட்டில் வேறு ஆளே இல்லாததுபோல, சட்டியோடு நானே முடித்தேன். தலைமுடி உதிர்ந்தது. ஏற்கெனவே அது என்னைவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது, நோய் அதற்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பித்தானைப் போடமுடியாமல் நின்றபோது வடிவு வந்து போட்டுவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நிதானமாக அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்து அடுத்த படம். மூச்சைப் பிடிக்கத் தெரியாதவன் என்று என் சீட்டில் எழுதாத குறை. மிக்கேலிடம் சொன்னேன். அவன் அப்பா கடலடி முத்துப் பாரில் முத்துக் குளித்தவர். அங்கே மூச்சைக் கடிகாரத்தால் அளப்பதில்லையாம். மனதுக்குள் மாதாவின் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி அளப்பார்களாம். எத்தனை ஜெபம் தாங்குகிறானோ அத்தனை நேரம் ஒருவன் அடியில் சிப்பி பொறுக்கலாம்.

படகில் பயிற்சி தொடங்கியது. நான் மூக்கைப் பிடிக்க, அவன் சத்தமாக ஜெபம் சொல்ல, முதல் நாள் பாதி ஜெபத்தில் வெடித்தேன்.

"ஆமென் வாரதுக்குள்ள மேல வந்துட்டியளே! எங்கப்பா தோணியில ஒங்கள முங்குற கல்லுக்குப் பதிலாக் கட்டக்கூட வச்சுக்கிட மாட்டாரு."

"நான் சைவப்பிள்ளைடே. எனக்கு உன் ஜெபம் ஒத்துக்கிடல."

"அப்ப நீங்க ஒங்க தேவாரத்தச் சொல்லுங்க. மூச்சுக்குச் சாதி தெரியுமாக்கும்?"

ஒன்று, ஒன்றரை, இரண்டு. இரண்டு ஜெபத்தோடு நான் மெட்ராஸ் போனேன். சுலோசனா பென்சிலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினார். நான் கல்லைப்போலக் கிடந்தேன். மனதுக்குள் மாதா. படம் கண்ணாடிபோல நின்றது.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"முத்துக் குளிக்கிற இடத்துல."

மூன்று கறுப்பில் ஒன்றைக் காணோம். மற்ற இரண்டும் நிலக்கடலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் நாங்கள் ஓர் இரும்புச் சட்டத்தை அளந்த கயிற்றில் கடலுக்குள் இறக்கி, கருவி சரியான ஆழம் காட்டுகிறதா என்று பார்ப்போம். "டாக்டர், இன்னிக்கு மிஷினைச் சரிபார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வடிவு என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் கோபிக்கவில்லை. தண்ணீர் நிரப்பிய, உள்ளே கம்பிகள் கட்டிய ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். தினமும் காலையில் அதைத்தான் முதலில் படம் எடுப்பாராம். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அந்த நாளின் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ரயிலில் எதிரே இருந்தவரிடம் மார்பைத் திறந்து காட்டிக் கணு சுருங்கிய வரலாற்றை விருதுநகர்வரை சொன்னேன். அவர் சாத்தூரில் இறங்க வேண்டியவர். விருதுநகரிலேயே இறங்கிவிட்டார்.

கடைசி ஊசியும் முடிந்தபிறகு மறுபடி போனோம். எண்ணெய். மூச்சு. இரண்டு ஜெபம். பென்சில் நகர்ந்தது. திரையில் தோலுக்குக் கொஞ்சம் கீழே பளிச்சென்று வெள்ளைச் சுவர் ஒன்று. அதற்குக் கீழே வெறும் புகை. சுலோசனா அடுத்த இடுக்குக்குப் போனார். அங்கும் சுவர். குமிழைத் திருகினார். மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொன்னார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார்.

என் வேலையில் இதைவிட மோசமான சொல் கிடையாது. மாதா இரண்டாவது ஜெபத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். வடிவு என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பென்சிலை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு பரவிக்கொண்டிருந்தது. "பயப்படாதீங்க. நுரையீரல் முழுக்கக் காத்து. காத்தைத் தாண்டி இந்த ஒலி போகாது. முன்னாடி அந்தக் கட்டிங்க நுரையீரலை ஒதுக்கித் தள்ளிட்டு இங்க வந்து உட்கார்ந்திருந்துச்சு. அதுதான் எனக்கு ஜன்னல். அது வழியாத்தான் உங்களுக்குள்ள பார்த்துட்டு இருந்தேன். இப்போ அது இல்லை. நுரையீரல் தன் இடத்துக்குத் திரும்பி வந்து ஜன்னலை மூடிடுச்சு."

"அப்போ குணமாயிருச்சா?" என்றாள் வடிவு.

"அதை இன்னிக்குச் சொல்ல மாட்டேம்மா. சுவருக்குப் பின்னாடி சின்னதா ஏதாவது மிஞ்சியிருந்தா என் மிஷின் பார்க்காது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுங்க. காய்ச்சல் வருதான்னு பாருங்க. இன்னிக்கு என்னால இவருக்குள்ள பார்க்க முடியலை. அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்."

அதிலிருந்து என் காலம் மூன்று மூன்று மாதமாகத்தான் வருகிறது. வருடம் என்ற சொல்லைக் கேட்டால் யாரோ பணக்காரர் தம் சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. எக்ஸ்ரேக்கு முந்திய வாரம் நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசுவதில்லை. அதற்கு அடுத்த வாரம் என்னைப்போல் இனிமையானவன் துறைமுகத்தில் இல்லை. உடம்பும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அது சட்டையை மாட்டுகிற ஒரு சாமான். இப்போது அதற்கு உள்ளே ஆழம் இருப்பது தெரிகிறது. மூச்சை இழுக்கும்போது அது எங்கே போய்ச் சேருகிறது, நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் எந்த இடத்தை வந்து நிரப்புகிறது என்று என்னால் உணர முடிகிறது. அல்லது உணர்வதாக நினைத்துக்கொள்கிறேன். முன்பு தவறாக முடிவு கட்டியவன்தான், ஆனாலும் இந்த ஒரு முடிவை வைத்துக்கொள்கிறேன்.

ஜன்னல் மூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, மாடிப்படியில் இறங்கும்போது நடுவில் நின்று, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தேன். இரண்டு ஜெபம் தாண்டியது. மூன்றாவதும் பாதி வந்தது.

"என்ன செய்யுதிய, படியில நின்னுக்கிட்டு?" என்றாள் வடிவு கீழேயிருந்து.

மூச்சை விட்டேன். "ஜன்னலை மூடிக்கிட்டிருக்கேன்."

அவள் இரண்டு படி ஏறி வந்து என் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். அது ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடைச்சுப் போடுங்க" என்றாள்.